பாலத்தடியில் மூன்று சரி

“ஊரிலை விளையாடின பெடியளைப் பிரம்பாலை வெளுத்தனீங்கள். இஞ்சை உங்களுக்கு விளையாடுறதுக்குச் சம்பளம். கடவுளுக்கும் பகிடி கூடிப்போச்சு, மாஸ்ரர்!”

துடைப்பத் தடியில் நாடியை ஊன்றிக்கொண்டு அந்தோனிதாஸ் சிரித்தான். ரெனான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மொன்வேர் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவன். விஜிதரனை இந்த வேலைக்குள் நுழைத்தவனும் அவன்தான்.

விஜிதரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொஞ்சம் சும்மா இருமன் ஐசே. ஆடு விழப்போகுது.”

ஆடு விழுந்தது. மலையிடுக்கில் ஒரு குழி. ஏறவும் வழியில்லை, சாகவும் வழியில்லை. சுவரில் முட்டி முட்டி எகிறிக்கொண்டே நின்றது.

“பாவம். எங்கடை அகதிக் கேஸ் மாதிரி,” என்றான் அந்தோனிதாஸ்.

விஜிதரன் எழுந்தான். சுவர் முழுக்க ஒட்டியிருந்த கட்டத்தாள்களில் அந்தக் குழியைத் தேடிப் பிடித்தான். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, குழியைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டான்.

மானிப்பாயில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்துக் கை அது. சரியான விடைக்கு ஒரு சரி. நல்ல விடைக்கு இரண்டு சரி. பிழைக்கு மட்டும் அவன் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போடமாட்டான். புள்ளடியைக் கண்டால் பிள்ளை சோர்ந்துபோகும். பிழையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால், என்ன பிழை என்று பிள்ளையே தேடித் திருத்தும். சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவன் மாற்றவில்லை.

சுவிஸில் அகதி மனுக் கொடுத்துவிட்டு, உணவகக் குசினியில் சட்டி தேய்த்து உள்ளங்கை வெளிறிப்போனவன். அவனுக்கு மறுபடியும் ஒரு சிவப்புப் பேனா கிடைத்திருக்கிறது. விட்டுவிடுவானா?

மொன்வேர் முன்பு கைக்கடிகார உதிரிகள் செய்த கொம்பனி. அந்த வியாபாரம் படுத்ததும் முதலாளி றொஷாவுக்கு ஒரு யோசனை உதித்தது. தொலைக்காட்சியில் கொழுவி விளையாடும் பெட்டிகளை விற்று யப்பான்காரன் அள்ளுகிறான். சுவிஸ்காரன் மட்டும் ஏன் கைகட்டி நிற்கவேண்டும்? பெட்டி ஒன்று பிறந்தது. பெயர் லூமா. பெட்டிக்குள் ஓட விளையாட்டு வேண்டுமே? றொஷா நேராக யப்பானுக்கே போய் இரண்டு கிழச் சிங்கங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கொமியாமா, நொசுவே.

ஒரு காலத்தில் இவர்கள் செய்த விளையாட்டை வாங்கப் பிள்ளைகள் விடியுமுன்பே கடை வாசலில் வரிசை கட்டி நின்றார்களாம். ஆனால் இது 1996. விளையாட்டுலகம் முப்பரிமாணத்துக்குத் தாவிவிட்டது. தட்டையாகப் படம் கீறுகிற இந்த இரண்டு பேரையும் அவர்களுடைய சொந்தக் கொம்பனியே ஒரு ஜன்னலோர மேசையில் உட்காரவைத்து, செய்ய வேலையே கொடுக்காமல் விட்டிருந்தது. லூமாவின் ஆடுதான் அவர்களுடைய கடைசி ஓட்டம்.

கழுத்தில் மணி கட்டிய ஒற்றை ஆடு, பனிமலையில் தொலைந்துபோன தன் மந்தையைத் தேடிப் போகிறது. அவ்வளவுதான் கதை. ஆடு வைக்கும் ஒவ்வோர் அடியையும் கொமியாமா கட்டத்தாளில் பென்சிலால் கீறுவார். நொசுவே அதைக் கணினிக்குள் ஏற்றுவார். விஜிதரன் விளையாடிப் பார்த்து, நல்லது எது, கெட்டது எது என்று தாளில் அடையாளமிடவேண்டும். கொமியாமாவின் ஆங்கிலம் ஒரு கைக்குள் அடங்கும். விஜிதரனின் பிரெஞ்சு மற்றக் கைக்குள் அடங்கும். முதல் நாள் கொமியாமா பேனாவை இரண்டு கைகளாலும் நீட்டிச் சொன்னது இவ்வளவுதான்:

“குட்... நோ குட்... மார்க், ப்ளீஸ்.”

சரிக்கும் பிழைக்கும் அகராதி தேடுகிறவன் யார்? விஜிதரன் வேலையைத் தொடங்கிவிட்டான்.

விளையாட்டின் நடுவில் ஒரு பாலம் வரும். மழை பிடித்துக்கொள்ளும். ஆட்டைப் பாலத்தடியில் ஒதுக்கிவிட்டு, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் சும்மா காத்திருந்தால், ஆடு ஒருதரம் தலையைச் சிலிர்க்கும். அதன் மணி ஒலிக்கும். கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது. பிறகு மலைக்கு அப்பாலிருந்து இன்னொரு மணி பதில் சொல்லும்.

முதல் தடவை அதைக் கேட்டபோது விஜிதரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நொசுவே பக்கத்து மலைப் பண்ணை ஒன்றுக்கு ஏறிப்போய், பண்ணைக்காரன் முறைக்க முறைக்க, நிஜ ஆட்டின் கழுத்தருகே ஒலிவாங்கியைப் பிடித்துப் பதிந்த சத்தம் அது. விஜிதரன் தாளில் பாலத்தைக் கண்டுபிடித்து, வாத்தியார் வாழ்க்கையில் எந்தப் பிள்ளைக்கும் போடாத ஒன்றைப் போட்டான்.

மூன்று சரி.

கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், லக்சாயினி காத்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்த கையோடு விஜிதரன் வெளிக்கிட்டு வந்தவன். அவளை இரண்டு தடவை பொலிஸ் கூட்டிக்கொண்டு போய் விசாரித்து விட்டிருந்தது. மூன்றாம் தடவை விடுமா என்பது யாருக்கும் தெரியாது. விஜிதரனுக்கு நிரந்தர வேலை கிடைத்தால் பி பெர்மி என்ற வதிவிட அனுமதிக்கு எழுதலாம். பி பெர்மி கிடைத்தால் அவளைக் கூப்பிடலாம். அவன் உலகமே இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.

“உங்கடை முதலாளி என்ன சொல்லுறார்?” தொலைபேசியில் கேட்டாள்.

“ஜெனீவாவிலை வங்கிக்காரருக்கும் கடைக்காரருக்கும் லூமாவை ஓடிக் காட்டப்போறம். அவைக்குப் பிடிச்சால் எல்லாருக்கும் நிரந்தர வேலை எண்டு சொன்னவர்.”

“சொன்னவரோ? இல்லாட்டி எங்கடை அப்பா மாதிரி ‘பாப்பம்’ எண்டவரோ?”

விஜிதரன் சிரித்துவிட்டான். லக்சாயினியின் தகப்பன் தம்பித்துரை வாழ்நாளில் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ‘பாப்பம்’ என்பார். அதற்கு மேல் அந்தப் படியை மிதிக்க வேண்டியதில்லை. விஜிதரன் பெண் கேட்டுப் போனபோதும் அதே பாப்பம்தான். கலியாணம் நடந்தது லக்சாயினி மூன்று நேரமும் சாப்பிடாமல் கிடந்ததால்.

“இல்லையப்பா. ‘ஓம்’ எண்டுதான் சொன்னவர். என்ரை காதாலை கேட்டனான்.”

“அப்ப அந்த ஆட்டைக் கவனமாய்ப் பாருங்கோ.”

அவன் பார்த்தான். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். எல்லாத் தாளும் முடிந்தபோது சுவரே சிவந்து கிடந்தது. பெரும்பாலும் சரிகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டங்கள். ‘இந்த வகுப்பிலே இதுதான் முதலாம் பிள்ளை’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

கொமியாமா மாடியிலிருந்து இறங்கி வந்து சுவரைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நெடுநேரம் துடைத்தார்.

“மனுசனுக்குச் சந்தோசத்திலை கண் கலங்கிப்போச்சு,” என்றான் விஜிதரன், அந்தோனிதாஸின் காதுக்குள்.

“இவ்வளவு சரி கிடைச்சால் நானும் அழுவன்,” என்றான் அந்தோனிதாஸ். “எனக்கு நீங்கள் படிப்பிச்சிருந்தால் முழுக்க வட்டம்தான்.”

கொமியாமா எழுந்து பாலத்தடிக்குப் போனார். மூன்று சரியின் மேல் விரலை வைத்தார்.

“ஹியர்... ஷுவர்?”

“ஷுவர், ஷுவர்! வெரி வெரி ஷுவர்!” விஜிதரன் தலையைப் பலமாக ஆட்டினான். புகழைத் திரும்பக் கேட்டு வாங்க ஆசைப்படுகிறாராக்கும்! அவன் மூன்று விரலைக் காட்டி, நெஞ்சிலும் கை வைத்துக் காட்டினான்.

கொமியாமா இடுப்பை வளைத்து ஆழமாக வணங்கினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டி மாடிக்குக் கொண்டுபோனார்.

கட்டடத்தில் ஓடிப்பார்க்க இருந்தது ஒரேயொரு லூமா. அதையும் மறுநாளே ஜெனீவாவுக்கு ஏற்றிவிட்டார்கள். மினுக்கிப் புதுக் கூடு போடவேண்டுமாம். திருத்திய விளையாட்டை இனி அங்கேதான் பார்க்கமுடியும். மாடியில் நொசுவே இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் அவர் சிகரெட் பற்றவைக்க வாசலுக்கு வந்தபோது கண் இரண்டும் செவ்வரி ஓடியிருந்தது. விஜிதரன் கையை ஆட்டி மணி அடிப்பதுபோலக் காட்டி, பெருவிரலை உயர்த்தினான். நொசுவே அவனை வெறித்துப் பார்த்தார். பாதிச் சிகரெட்டை நிலத்தில் போட்டு மிதித்துவிட்டு உள்ளே போனார்.

“என்னப்பா இவருக்கு?”

“நித்திரை இல்லை, வேறை என்ன?” என்றான் அந்தோனிதாஸ்.

ஜெனீவா. ஏரியைப் பார்த்த ஹோட்டல் ஒன்றின் மண்டபம். வங்கியிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில். பெரிய கடைகளுக்குச் சாமான் எடுப்பவர்கள் பின்னால். மேடையில் ஒரு பெரிய திரை. அதன் கீழே வெள்ளிநிறக் கூட்டில் லூமா பளபளத்தது.

“மிஸ்யூ விஜி, நீங்கள் விளையாடுங்கள்,” என்றார் றொஷா. “இந்த ஆடு உங்கள் கைக்குத்தான் அடங்கும்.”

விஜிதரன் இரவல் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மேடையின் ஓரத்தில் கொமியாமாவும் நொசுவேயும் கறுப்பு உடுப்பில் நின்றார்கள், சாவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி.

ஆடு நடந்தது. முதல் சரிவில் அது பனியில் வழுக்கிக்கொண்டு போகும். பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வரும். அந்த இடத்துக்கு அவன் இரண்டு சரி போட்டிருந்தான்.

ஆடு வழுக்கவில்லை. தட்டையான தரையில் டொக் டொக்கென்று நடந்தது.

‘மாத்திப்போட்டினம் போல. இதைவிட நல்லதாய் ஒண்டு முன்னுக்கு வைச்சிருப்பினம்.’

முன்னுக்கும் ஒன்றும் இல்லை. ஆட்டின் கொம்பில் வந்து குந்தும் பறவையைக் காணோம். பனிக்குள் ஒளிந்திருக்கும் குகையைக் காணோம். பாலம் வரட்டும், பாலம் வந்தால் எல்லாம் சரிவரும்.

பாலம் வந்தது. மழை பிடித்தது. ஆட்டைப் பாலத்தடியில் ஒதுக்கினான். விரல்களைப் பொத்தான்களிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

மண்டபமும் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆடு நின்றது. மழை பெய்தது. தலையும் சிலிர்க்கவில்லை, மணியும் இல்லை.

“பழுதாகிவிட்டதா?” முன்வரிசையில் ஒரு குரல்.

“போங்கள், மிஸ்யூ விஜி, போங்கள்!” றொஷா பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

விஜிதரன் ஆட்டைக் கிளப்பினான். பாலம் தாண்டி மலையிடுக்கு. குழி. அவன் முதன்முதலில் வட்டம் போட்ட குழி. இதையாவது கட்டாயம் திருத்தியிருப்பார்கள் என்று துணிந்து பாய்ந்தான்.

ஆடு குழிக்குள் விழுந்தது. சுவரில் முட்டி முட்டி எகிறியது. ஏறவும் வழியில்லை, சாகவும் வழியில்லை.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு கதிரைகள் நகரும் சத்தம் கேட்டது. விஜிதரன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடு எகிறிக்கொண்டே இருந்தது. வங்கிக்காரர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு போகும்வரைக்கும் எகிறியது.

மறுநாள் காலை றொஷா எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கட்டத்தாள்கள் விரிந்து கிடந்தன. அவர் குழியின் மேல் விரலால் குத்தினார்.

“இந்த அடையாளங்களைப் போட்டது யார்?”

“நான்தான்,” என்றான் விஜிதரன்.

“வட்டம் என்றால்?”

“பிழை, மிஸ்யூ.”

“அதுதானே! எனக்கே விளங்குகிறது!” றொஷா கொமியாமாவின் பக்கம் திரும்பினார். “இந்த மனிதர் ஒவ்வொரு பிழையையும் காட்டித் தந்திருக்கிறார். ஒன்றைக்கூட நீங்கள் தொடவில்லை! நல்லதையெல்லாம் வழித்தெடுத்திருக்கிறீர்கள்! ஏன்?”

தொலைபேசி அலறியது. வங்கி. றொஷா பாய்ந்து எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

பேச்சு முழுதும் விளங்காவிட்டாலும் குழியைக் குத்திய விரல் கொமியாமாவுக்கு விளங்கியது; அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விஜிதரனை நிமிர்ந்து பார்த்தார். மேசையிலிருந்த துண்டுக் கடதாசி ஒன்றை இழுத்து, சிவப்புப் பேனாவை எடுத்து, சின்னப் பிள்ளைக்கு எழுதுவதுபோல ஒரு கணக்கு எழுதினார்.

2 + 3 = 5

அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

அதன் கீழே இன்னொன்று. 2 + 3 = 6. அதற்குப் பக்கத்தில் ஒரு சரி.

கணக்கு வாத்தியாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இவர்கள் ஊரில் வட்டம்தான் சரி. சரிதான் பிழை. அவன் மெச்சி மெச்சிப் போட்ட ஒவ்வொரு சரியையும் இந்த மனிதர் ‘தூக்கி எறி’ என்று வாசித்திருக்கிறார். சுவர் நிறைய ‘தூக்கி எறி’. பாலத்தடியில் மூன்று தரம். அங்கே விரலை வைத்து ‘ஷுவர்?’ என்று கேட்டபோது அவர் கெஞ்சியிருக்கிறார். இவன் நெஞ்சில் கை வைத்து ‘வெரி வெரி ஷுவர்’ என்றிருக்கிறான்.

மற்ற வாத்திமாரைப்போல ஒரு புள்ளடி போட்டிருந்தால் போதும். புள்ளடி அவர்களுக்கும் விளங்கியிருக்கும் என்று மட்டும் ஏனோ அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

றொஷா தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினார். கொமியாமா அந்தத் துண்டைக் கசக்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சொல்லுங்கள். யாருடைய பிழை?”

“மை மிஸ்டேக்,” என்றார் கொமியாமா. இடுப்பை வளைத்தார். “ஓல் மை மிஸ்டேக்.”

பக்கத்தில் நொசுவேயும் வளைந்தார்.

விஜிதரனின் வாய் திறந்தது. ‘அவரின்ரை பிழை இல்லை’ என்று சொல்லும் அளவுக்கு அவனிடம் பிரெஞ்சு இருந்தது. அந்த மூன்று சொல்லும் நாக்கின் நுனிவரை வந்துவிட்டன. மேசையில், தாள்களுக்கு அடியிலிருந்து, அவன் பெயர் எழுதிய கோப்பு எட்டிப் பார்த்தது. சொன்னால் கோப்பு குப்பைக்குள். சொல்லாவிட்டால் ஒருவேளை... லக்சாயினி லொட்ஜ் படிக்கட்டில் இறங்கி வரும் சத்தம் கேட்பதுபோல இருந்தது.

வாய் மூடிக்கொண்டது.

றொஷா அவன் தோளில் கை வைத்தார். “நீங்கள் உங்கள் வேலையைச் சுத்தமாகச் செய்தீர்கள், மிஸ்யூ விஜி. சான்றிதழில் அப்படியே எழுதித் தருகிறேன்.”

“அப்ப என் நிரந்தர வேலை, மிஸ்யூ?”

“வங்கி கையை விரித்துவிட்டது. இந்த மாதத்தோடு கட்டடத்தையே பூட்டுகிறோம்.” றொஷா கோப்பை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். “வேறு எங்காவது... ஓன் வேறா.”

ஓன் வேறா. பிரெஞ்சு வகுப்பில் முதல் மாதமே படிப்பித்த வசனம். தமிழில் ஒரே சொல்.

பாப்பம்.

விற்ற மானத்துக்குக் கிடைத்த விலை அதுதான்.

யப்பான்காரர் இருவரையும் வழியனுப்ப ரெனான் நிலையத்துக்கு வந்தது விஜிதரன் மட்டும். அந்தோனிதாஸ் வரமாட்டேன் என்றுவிட்டான். “எனக்கு விசயத்தைச் சொல்லிப்போட்டியள். இனி அந்தாளின்ரை முகத்தை நான் என்னெண்டு பாக்கிறது, மாஸ்ரர்? நீங்கள்தான் பாக்கோணும்.”

பார்த்தான். கொமியாமா போன கிழமையைவிடப் பத்து வயது கூடினவராக நின்றார். நொசுவே தூணோடு சாய்ந்து புகைத்தார். விஜிதரன் ஆங்கிலத்தில் எதையோ தொடங்கினான்.

“சேர்... மை மிஸ்டேக். நொட் யூ. மை...”

கொமியாமா கையை உயர்த்தித் தடுத்தார். பைக்குள்ளிருந்து சுருட்டிய கடதாசி ஒன்றை எடுத்து, பேனா தந்த அன்று போலவே, இரண்டு கைகளாலும் நீட்டினார். ஜெனீவா ரயில் வந்து நின்றது. ஏறினார்கள். கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தலைகள் குனிந்தன. ரயில் போனது.

விஜிதரன் கடதாசியை விரித்தான். கட்டத்தாளில் பாலத்தின் பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். மழைக் கோடுகள். பாலத்தடியில் குட்டி ஆடு. பக்கத்தில் அவன் போட்ட மூன்று சரி.

அந்த மூன்றையும் சுற்றிப் புதிதாகச் சிவப்பில் ஒரு பெரிய வட்டம்.

அவர் ஊர் வட்டமா, இவன் ஊர் வட்டமா? ‘நீ போட்ட சரி உண்மையிலேயே சரிதான்’ என்கிறாரா? இல்லை, இவன் பாஷையைப் படித்துக்கொண்டு, இவன் பாஷையிலேயே ‘பிழை’ என்கிறாரா? இப்போது அவருக்கு இரண்டு கணக்கும் தெரியும். கேட்கலாமென்றால் ரயில் வளைவில் மறைந்துவிட்டது. எவ்வளவு முயன்று பார்த்தாலும் வாத்தியார் கண்ணுக்கு அந்த வட்டம் ஒன்றைத்தான் சொன்னது.

மேடையின் கோடியில் தொலைபேசிக் கூடு. தொலைபேசிக் கார்டைச் செருகி லொட்ஜுக்கு எடுத்தான். யாரோ எடுத்தார்கள், யாரையோ கூப்பிட்டார்கள். மரப்படியில் காலடிகள் ஓடி இறங்கின.

“இஞ்சருங்கோ, ஏன் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை? நான் என்னெண்டு நினைக்கிறது?” அவளுக்கு மூச்சு வாங்கியது. “என்ன சொன்னவை? சரியோ, பிழையோ? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ.”

விஜிதரன் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தான்.

“பாப்பம் எண்டவை,” என்றான்.

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. அழுகை இல்லை, கேள்வி இல்லை. தூரத்தில் லொட்ஜ் முதலாளி அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடும் குரல் ஒருமுறை வந்தது. பிறகு அதுவும் நின்றது. தொலைபேசியின் சிறிய திரையில் கார்டின் மிச்சக் காசு குறைந்துகொண்டே போனது.

விஜிதரன் எதையும் அழுத்தாமல் காத்து நின்றான்.